இஸ்திரிப் பெட்டியும் சட்டைச் சித்திரமும்

ஊர்த் திருவிழாவில் நடைபெறும் கபடிப் போட்டிக்குப் பன்னிரண்டு இளைஞர் கொண்ட குழு ஒன்று புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழுவுக்குப் பன்னிரண்டு டீ-ஷர்ட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் குழுவின் சின்னம், ஆட்டக்காரரின் பெயர், எண் ஆகியவை பல நிறங்களில் அமைதல் வேண்டும். திரை அச்சு முறையில் இதனைச் செய்யப் புகுந்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனித் திரை தேவைப்படும். பெயரும் எண்ணும் ஆளுக்கு ஆள் மாறுவதால் அவற்றுக்கும் தனித்தனியே ஏற்பாடு செய்ய வேண்டும். ஆயிரம் சட்டைகளுக்கு மலிவாக முடியும் இம்முறை பன்னிரண்டு சட்டைகளுக்குக் கட்டுபடியாவதில்லை.

இத்தகைய சிறு தேவைகளுக்கு உதவுவதே கடைகளில் 'டிரான்ஸ்பர் பேப்பர்' என்ற பெயரால் விற்கப்படும் அச்சுமாற்றுத் தாள். கணிப்பொறியில் வரைந்த படத்தை வீட்டிலுள்ள பிரிண்டரில் இத்தாளின்மீது அச்சிட்டு, அதனைத் துணியின்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் படம் தாளை விட்டுத் துணிக்கு மாறிவிடுகிறது. சில நிமிடங்களில் முடியும் வேலை இது. எனினும், படத்தைத் துணியில் ஏற்றுவது எளிது. பல முறை துவைத்த பின்னும் அது அங்கே நிலைத்திருக்கச் செய்வதே அரிது. முதல் சலவையிலேயே ஓரம் கிளம்பி, மூன்றாம் சலவையில் வெடிப்புற்று உதிரும் படங்கள் பல. ஒருவருக்குக் கைகூடும் வேலை மற்றொருவருக்குக் கைகூடாமைக்குக் கைராசி காரணமன்று. தாளின் அமைப்பு, இழையின் இயல்பு, வெப்பம், அழுத்தம், காலம் ஆகியவற்றை ஒட்டியே இதன் வெற்றியும் தோல்வியும் அமைகின்றன.

சாயமும் படலமும்

துணிக்கு நிறமூட்டும் வழிகள் இரு வகைப்படும். நிறம் இழையோடு ஒன்றிவிடுவது ஒரு வகை. இழையின்மேல் ஒட்டிக்கொண்டிருப்பது மற்றொரு வகை. மசூலிப்பட்டினத்துக் கலங்காரித் துணியும் ராஜஸ்தானத்தின் பக்ரு அச்சுத் துணியும் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் சிவப்பு நிறத்துக்குப் படிகாரம் துணை செய்கிறது. படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒருபுறம் பருத்தி இழையையும் மறுபுறம் சாயத்தையும் பற்றிக்கொள்வதால், அந்நிறம் நீரில் எளிதில் கரைந்து போவதில்லை. துணியைத் தடவிப் பார்த்தால் நிறம் உள்ள இடமும் இல்லாத இடமும் விரலுக்கு ஒன்றாகவே தோன்றும்.

அச்சுமாற்றுத் தாள் தரும் படம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இங்கே பருத்திக்கும் நிறத்துக்கும் இடையே இரசாயனப் பிணைப்பு எதுவும் நேர்வதில்லை. நிறத்தைத் தாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று உருகி, நூலிழைகளின் இடுக்குகளில் புகுந்து, ஆறிய பின் அவற்றைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. பாறை இடுக்குகளில் வேர் ஓடிய செடியைப் போன்றது அதன் நிலை. வேர் ஆழமாக ஓடியிருந்தால் நிற்கும், மேலோட்டமாக இருந்தால் பெயர்ந்துவிடும். இவ்வொரு கருத்தை மனத்திற் கொண்டால் பின்வரும் விதிகள் அனைத்தின் காரணமும் எளிதில் விளங்கும்.

தாளின் அமைப்பு

பார்வைக்குச் சாதாரணத் தடித்த காகிதமாகத் தோன்றும் இத்தாள் பல அடுக்குகளைக் கொண்டது. அடியில் இருப்பது வெப்பத்தைத் தாங்கவல்ல காகிதம். அதன்மேல் சிலிக்கோன் போன்ற ஒட்டாப் பொருளின் பூச்சு உண்டு. அதற்கும் மேலே வெப்பத்தால் இளகி ஆறியபின் இறுகும் பிளாஸ்டிக் படலம் அமைந்துள்ளது. பாலிஎத்திலீன், பாலிஅமைடு, பாலியூரித்தேன் போன்றவை இதற்குப் பயன்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரிண்டரின் மையை உறிஞ்சிப் பரவாமல் நிறுத்தும் நுண்துளைப் பூச்சு உள்ளது.

பிரிண்டரின் வகைக்கேற்பத் தாளும் வேறுபடும். மைத்துளிகளைத் தெளிக்கும் இங்க்ஜெட் பிரிண்டருக்கென ஒரு வகைத் தாளும், உலர்ந்த மைத்தூளை உருக்கிப் பதிக்கும் லேசர் பிரிண்டருக்கென வேறு வகைத் தாளும் விற்கப்படுகின்றன. இவற்றை மாற்றிப் பயன்படுத்துதல் பெருந்தவறு. லேசர் பிரிண்டரின் உள்ளே மைத்தூளை உருக்குவதற்காகச் சூடான உருளை ஒன்று சுழல்கிறது. இங்க்ஜெட் தாள் அதனுள் புகுந்தால் அதன் படலம் அங்கேயே உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும், பிரிண்டரே பழுதாகும்.

இங்க்ஜெட் மையிலும் இரு வகை உண்டு. ஒன்றில் சாயம் நீரில் கரைந்துள்ளது. மற்றொன்றில் நிறமித் துகள்கள் நீரில் கரையாமல் மிதக்கின்றன. சலவை நீரால் எளிதில் கசியாததும் வெயிலில் விரைவில் மங்காததும் நிறமித் துகள் மையே. துணிக்கு அதுவே ஏற்றது.

வெண்துணியும் கருந்துணியும்

வீட்டுப் பிரிண்டரில் வெண்ணிற மை இல்லை. படத்தில் வெண்மையாகத் தோன்ற வேண்டிய இடத்தில் மை விழுவதே இல்லை. தாளின் வெண்மையே அங்கே புலப்படுகிறது. ஆகவே, வெளிர்நிறத் துணிகளுக்கான தாளில் ஒளி புகும் படலம் இருப்பதால், துணியின் நிறமே படத்தின் வெண்மைக்கு ஈடாகிவிடுகிறது. மஞ்சள் சட்டையில் பதித்த நீலம் பச்சையாகத் தோன்றும். கறுப்புச் சட்டையில் படம் கண்ணுக்கே தெரியாது. அடர்நிறத் துணிகளுக்காக ஒளி புகாத வெண்படலம் கொண்ட தாள் தனியே உள்ளது.

இவ்விரு தாள்களையும் கையாளும் முறை வேறு வேறு. வெளிர்நிறத் தாளை அச்சிட்ட பக்கம் துணியைத் தொடுமாறு கவிழ்த்து வைக்கிறோம். எனவே இடம் வலமாக மாறும். எழுத்துகள் சரியாக அமைய வேண்டுமாயின், முன்கூட்டியே அவற்றைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிடுதல் வேண்டும். அடர்நிறத் தாளிலோ படலத்தை முதலிலேயே உரித்தெடுத்து, படம் மேல்நோக்கி இருக்குமாறு துணியில் வைத்து, அதன்மேல் ஒட்டாத் தாள் ஒன்றை விரித்து அழுத்துகிறோம். ஆகவே அதற்குப் பிம்பம் திருப்ப வேண்டுவதில்லை.

துணியைத் தேர்தல்

திருப்பூர், லூதியானா, கொல்கத்தா முதலிய இடங்களில் உற்பத்தியாகும் டீ-ஷர்ட்டுகளிற் பெரும்பாலானவை பின்னல் துணியால் ஆனவை. நெசவுத் துணியில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. பின்னல் துணியிலோ நூல் வளையம் வளையமாகக் கோக்கப்பட்டிருக்கிறது. இழுத்தால் வளையங்கள் நெகிழ்ந்து துணி விரிகிறது, விட்டால் சுருங்குகிறது. அணிவோருக்கு இதமளிக்கும் இந்நெகிழ்ச்சியே படத்துக்குச் சோதனையாகிறது. ஆகையால் வழவழப்பான பரப்பும் நெருக்கமான பின்னலும் கொண்ட துணியே ஏற்றது. கோடுகோடாக மேடுபள்ளம் உள்ள பின்னலில் மேடுகளில் மட்டும் படலம் ஒட்டும்.

முழுப் பருத்தியும், பருத்தியும் பாலிஎஸ்டரும் கலந்த துணியும் இவ்வேலைக்கு உகந்தவை. நைலானும் மென்மையான பிற செயற்கை இழைகளும் இவ்வளவு வெப்பத்தைத் தாங்கமாட்டா. சட்டையின் கழுத்துப்பட்டையில் தைத்துள்ள குறிப்புச் சீட்டில் இஸ்திரிப் பெட்டியின் படமும் அதனுள் புள்ளிகளும் இருக்கும். ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தையும், இரண்டு புள்ளிகள் சுமார் 150 டிகிரியையும், மூன்று புள்ளிகள் சுமார் 200 டிகிரியையும் துணி தாங்கும் என்பதைக் குறிக்கும். மூன்று புள்ளிகள் உள்ள துணியே இதற்குப் பாதுகாப்பானது.

புதுச் சட்டையை அப்படியே எடுத்துப் படம் பதித்தல் கூடாது. ஆலையில் துணிக்கு மென்மையூட்ட இட்ட பொருள்கள் அதில் தங்கியிருக்கும். அவை படலம் ஒட்டுவதைத் தடுக்கும். மேலும், பருத்திப் பின்னலாடை முதற் சலவையில் சற்றுச் சுருங்கும் இயல்புடையது. படம் பதித்த பின் துணி சுருங்கினால் படம் சுருக்கம் விழுந்து நிற்கும். ஆதலின், மென்மையூட்டி எதுவும் சேர்க்காமல் ஒரு முறை துவைத்து நன்கு உலர்த்திய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஈரம் என்னும் மறைந்த பகைவன்

நன்கு உலர்ந்த பருத்தித் துணியிலும் நீர் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துத் தன் எடையில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் வரை நீரைப் பருத்தி தன்னுள் வைத்திருக்கிறது. மழைக்காலத்தில் இது இன்னும் மிகும். ஏ4 அளவுள்ள தாளின் கீழ் அமையும் துணியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையுள்ள துணியாயின் அப்பகுதியின் எடை சுமார் 10 கிராம். அதில் அடங்கிய நீர் முக்கால் கிராமுக்குச் சற்றே குறைவு. மிகச் சிறிய அளவு என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. இந்நீர் முழுவதும் ஆவியாக மாறினால் ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். உருகிய படலத்துக்கும் துணிக்கும் இடையே இந்த ஆவி புகுந்து கொப்புளங்களை உண்டாக்குகிறது. அன்றியும், நீர் ஆவியாவதற்கே வெப்பத்தின் ஒரு பகுதி செலவாகிவிடுவதால் படலம் போதிய அளவு உருகாமல் நின்றுவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் எளிது. தாளை வைப்பதற்கு முன் அவ்விடத்தை அரை நிமிடம் வரை வெறும் இஸ்திரி போட்டால் ஈரம் நீங்கும், சுருக்கங்களும் மறையும். ஆவி இஸ்திரிப் பெட்டியாயின் அதிலுள்ள நீரை முற்றும் வடித்துவிட்டு, ஆவியை நிறுத்திய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

செய்முறை

முதலாவதாக, படத்தை அச்சிட்டு மை நன்கு உலரும்வரை காத்திருக்க வேண்டும். பின்னர் படத்தைச் சுற்றியுள்ள வெற்று ஓரத்தைக் கத்தரிக்கோலால் நெருக்கமாக வெட்டி நீக்க வேண்டும். மை படாத இடத்திலும் படலம் உண்டு என்பதை மறத்தலாகாது. வெட்டாது விட்டால் அது படத்தைச் சுற்றிப் பளபளக்கும் கட்டமாகத் தோன்றும். மூலைகளை வளைவாக வெட்டுதல் நலம். கூர்மையான மூலையே முதலில் கிளம்பும்.

இரண்டாவதாக, இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இஸ்திரி போடுவதற்கென்றே பஞ்சுறை போர்த்திய மேசை இதற்குப் பயன்படாது. அதன் மெத்தை நம் அழுத்தத்தை விழுங்கிவிடுகிறது. வெப்பமும் ஆவியும் துணியின் வழியே கீழிறங்கிப் போகின்றன. உறுதியான மரப் பலகையின்மேல் மடிப்பில்லாத பருத்தித் துணி ஒன்றை விரித்தால் போதுமானது. பலகை இடுப்பு உயரத்திலோ அதற்குச் சற்றுத் தாழ்வாகவோ இருந்தால் உடலின் எடையைக் கைகளின் வழியே செலுத்த இயலும்.

மூன்றாவதாக, வெப்பமும் அழுத்தமும். படலம் 100 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கினாலும், வெப்பம் தடித்த காகிதத்தைக் கடந்து வர வேண்டியிருப்பதாலும், படலம் நீர்போல் இளகினாலன்றி இழைகளுக்குள் இறங்காதாதலாலும், அதனினும் மிகுந்த வெப்பம் வேண்டப்படுகிறது. தொழிற்கூடங்களில் உள்ள வெப்ப அழுத்தப் பொறி 180 டிகிரியை ஒட்டிய சீரான வெப்பத்தையும், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 முதல் 3 கிலோகிராம் அழுத்தத்தையும் தந்து, அரை நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிடுகிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு 200 சதுர சென்டிமீட்டர் பரப்புடையது என்று கொள்வோம். அதன்மேல் நாம் 20 கிலோகிராம் பாரத்தை ஊன்றினாலும் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராமே கிடைக்கும். அழுத்தத்தில் நேர்ந்த இக்குறையை நேரத்தால் ஈடு செய்ய வேண்டும். இதனாலேயே வீட்டு முறையில் கூடுதலான நேரம் விதிக்கப்படுகிறது. தாளின் உறையில் குறித்துள்ள நேரத்தைத் தளராமல் கடைப்பிடிக்க வேண்டும்.

பெட்டியின் தகடு எங்கும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை. நுனியும் ஆவித் துளைகள் உள்ள இடமும் பெரும்பாலும் வெப்பங் குறைந்தவை. ஆகவே பெட்டியை ஓரிடத்தில் ஊன்றி அழுத்தி, பின்பு எடுத்துச் சற்றுத் தள்ளி வைத்து மீண்டும் அழுத்தி, முன்பு துளைகள் நின்ற இடத்தையும் தகடு மூடுமாறு செய்தல் வேண்டும். துணிக்கு இஸ்திரி போடுவதைப் போல வேகமாக இழுத்தால் தாள் நகர்ந்து படம் இரட்டையாகப் பதியும். ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் தனிக் கவனம் செலுத்துதல் அவசியம். தாள் பழுப்பு நிறம் அடையத் தொடங்கினால் வெப்பம் மிகுந்துவிட்டது என்று அறியலாம்.

நான்காவதாக, உரித்தல். சில தாள்களைச் சூடாக இருக்கும்போதே உரிக்க வேண்டும். சிலவற்றை முற்றும் ஆறிய பின் உரிக்க வேண்டும். சூடாக உரிக்கும் வகையில் இளகிய படலம் இரண்டாகப் பிளந்து, ஒரு பகுதி தாளிலும் மறுபகுதி துணியிலும் நிற்கும். படம் மென்மையாக இருக்கும். ஆறவிட்டு உரிக்கும் வகையில் படலம் முழுதும் துணியில் தங்கும். படம் பளபளப்பும் தடிப்பும் உடையதாகும். எவ்வகைத் தாள் என்பதை உறையைப் பார்த்தே அறிய வேண்டும். உரிக்கும்போது ஒரு மூலை கிளம்பினால், தாளை மீண்டும் படியவைத்து அவ்விடத்தை மறுபடி அழுத்தலாம்.

எச்சரிக்கை ஒன்று: சூடான பெட்டியைத் துணியின்மேல் விட்டு அப்பால் செல்லுதல் கூடாது, சிறுவர்கள் இவ்வேலையைப் பெரியோர் துணையின்றிச் செய்தலும் கூடாது. அறையில் காற்றோட்டம் இருத்தல் நன்று.

படம் ஏன் வெடிக்கிறது?

துணி விரியும் அளவுக்குப் படலம் விரிவதில்லை. சட்டையைத் தலைவழியே மாட்டும்போதும், ஈரத்தோடு முறுக்கிப் பிழியும்போதும் கீழுள்ள வளையங்கள் நெகிழ, மேலுள்ள படலம் கீறிப் பிளவுறுகிறது. பெரிய ஒரே படமாக இருந்தால் இவ்விசை முழுவதும் அதன்மேல் விழும். எழுத்துகளாகவும் சிறு சிறு வடிவங்களாகவும் பிரித்து அமைத்தால் இடையிலுள்ள துணி நெகிழ்ந்து கொடுக்கும். பெரிய படலம் வியர்வை உலரவும் இடந்தராது. நமது நாட்டின் வெப்பத்தில், முக்கியமாகக் குழந்தைகளின் உடைகளில், சிறிய படமே சிறந்தது.

படம் பதித்த சட்டையை ஒரு நாள் கழித்தே துவைக்க வேண்டும். உட்புறம் வெளிவரத் திருப்பி, குளிர்ந்த நீரில், மென்மையான சோப்புத்தூளால் அலசுதல் வேண்டும். வெளுப்புத்தூள் ஆகாது, கல்லில் அடித்துத் துவைத்தலும் முறுக்கிப் பிழிதலும் ஆகா. நிழலில், உட்புறம் வெளியே தெரிய உலர்த்த வேண்டும். படத்தின்மேல் நேரே இஸ்திரிப் பெட்டி பட்டால் படலம் மீண்டும் உருகித் தகட்டோடு வந்துவிடும்.

ஆவியாகும் சாயம்

சாயமே இழைக்குள் புகும் வழி தாள்முறையில் இல்லையோ என்று வாசகர்கள் வினவலாம். உண்டு. 1957 ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த நோயெல் த பிளாஸ் என்பவர் இத்தகைய முறையை உருவாக்கினார். சில சாயங்கள் 200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் திரவமாகாமலே நேரே ஆவியாகின்றன. அவற்றைத் தாளில் அச்சிட்டுப் பாலிஎஸ்டர் துணியோடு சேர்த்துச் சூடேற்றினால், வெப்பத்தால் நெகிழ்ந்த பாலிஎஸ்டர் இழைக்குள் சாய ஆவி நுழைகிறது. ஆறியதும் உள்ளேயே சிறைப்படுகிறது. இப்படம் கைக்குத் தட்டுப்படாது, உரியவும் செய்யாது. விளையாட்டு வீரர்களின் பல நிறச் சீருடைகள் பல இம்முறையில் ஆனவையே. ஆனால் பருத்தி இழை இச்சாயங்களை ஏற்பதில்லை. அடர்நிறத் துணியில் இச்சாயம் தெரிவதுமில்லை. சீரான வெப்பமும் அழுத்தமும் இன்றியமையாதவையாதலால் இஸ்திரிப் பெட்டி இதற்குப் போதாது. பருத்தி டீ-ஷர்ட்டுக்கு வீட்டிலேயே பல நிறப் படம் வேண்டுவோர்க்குப் படல முறையே எளிதிற் கைவருவது.

வீட்டில் ஒரு சோதனை

இதுவரை கூறியவற்றை வாசகர்கள் தாமே சோதித்தறியலாம். பழைய பருத்திப் பனியன் ஒன்றை மூன்று துண்டுகளாக வெட்டுக. ஒரே தாளிலிருந்து ஒரே அளவில் மூன்று சிறு படங்களை வெட்டிக்கொள்க. முதல் துண்டில் விதிப்படி, ஈரம் நீக்கி மரப் பலகையின்மேல் பதிக்க. இரண்டாவதில் ஈரம் நீக்காமல் பதிக்க. மூன்றாவதை ஈரம் நீக்கி, ஆனால் மடித்த போர்வையின்மேல் வைத்துப் பதிக்க. வெப்பமும் நேரமும் மூன்றுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பின்னர் மூன்றையும் சேர்த்து ஐந்து முறை துவைத்து உலர்த்தி ஒப்பிட்டுப் பார்க்க. ஒரு நேரத்தில் ஒரு நிலையை மட்டும் மாற்றிப் பயனைக் காணுதல் என்னும் இம்முறையே ஆராய்ச்சிக்கூடங்களிலும் கையாளப்படுவது.

இச்சோதனை பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. வீட்டிலிருந்தே சட்டைகளில் படம் பதித்துக் கொடுத்துச் சிறு வருமானம் ஈட்ட முற்படும் பெண்களும் இளைஞரும் இன்று பலர் உளர். அவர்களது முதல் வாடிக்கையாளரின் சட்டை மூன்றாம் சலவையில் உரிந்தால் அடுத்த வாடிக்கையாளர் வருவதில்லை. தாளையோ துணியையோ மாற்றும்போதெல்லாம் ஒரு மாதிரியைச் செய்து, துவைத்துப் பார்த்த பின்னரே விலைக்கு வேலை ஏற்றல் வேண்டும். துவைக்கும் முறையை ஒரு சிறு சீட்டில் எழுதிச் சட்டையோடு கொடுத்தலும் அவர்தம் கடமையாகும்.

சட்டத்தையும் அவர்கள் அறிந்திருத்தல் நன்று. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் மூவர்ணக் கொடி பதித்த சட்டைகளைக் கேட்டு வருவோர் உண்டு. தேசியக் கௌரவத்தை அவமதித்தலைத் தடுக்கும் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2005 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தேசியக் கொடியை உடைத் துணியில் அச்சிடுதல் அவமதிப்பாகக் கருதப்படும். நாட்டுப்பற்றை வெளியிட வேறு வடிவங்கள் எத்தனையோ உள. அவ்வாறே, பிறர் வரைந்த சித்திரங்களை அவர் அனுமதியின்றிப் பதித்து விற்பதை 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும், நிறுவனங்களின் வணிகச் சின்னங்களை அவ்வாறு பயன்படுத்துவதை 1999 ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டமும் தடுக்கின்றன.

கபடிக் குழுவின் சின்னத்தை அவ்வூர் இளைஞர் ஒருவரே வரையலாம். பெயர்களையும் எண்களையும் அவர்களே அமைத்துக்கொள்ளலாம். ஒரு பலகை, ஒரு பெட்டி, சில தாள்கள் ஆகியவையே அதற்கு வேண்டிய முதல். துணியின் ஈரத்தை முதலில் போக்குதல், உறுதியான தளத்தில் ஊன்றி அழுத்துதல், குறித்த நேரம் பொறுத்திருத்தல் ஆகிய மூன்றையும் விடாது செய்தால், இறுதி ஆட்டம் முடிந்து பல சலவைகள் கண்ட பின்னும் ஆட்டக்காரரின் பெயர் அவர் முதுகில் தெளிவாக விளங்கும்.